புதுக் கார்டு யாரிடம்?

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. என் கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன்.

கருங்கடல் ஓரம் பொமோரியேங்கிற ஊர்ல ஒரு ஹோட்டல்ல நான் ரிசப்ஷன். கோடைல கால் வைக்க இடமிருக்காது. பிப்ரவரில ஈ காக்கா கிடையாது. அந்த வாரம் மூணு மாடிக்கும் சேர்த்து ரெண்டே பேர். நானும், 207-ல ராட்காவும். அடிக்கிற புருஷன் ஸ்டோயில்கிட்டேருந்து தப்பிச்சு ப்ளோவ்டிவ் ஊரை விட்டு ஓடி வந்தவ. "யார் கேட்டாலும் நான் இங்க இல்ல, நேவேனாக்கா"ன்னு முதல் நாளே கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ பேரைக்கூட நான் வெளியே விடல. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான்.

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் என் மேஜையிலயே பீன்ஸ் சூப் குடிச்சோம். ஆறு மணிக்கு மாடிக்குப் போனவ உடனே இறங்கி வந்தா.

"கதவுல கார்டு வெச்சா சிவப்பு எரியுதுக்கா."

"போனோட சேர்த்து வெச்சிருப்பே, அழிஞ்சிருக்கும். கொடு."

புதுசு போட்டுக் கொடுத்தேன். போனா. வந்தா. மறுபடியும் சிவப்பு.

எங்க பூட்டு எப்படின்னா, ஒரு அறைக்குப் புதுக் கார்டு போட்டு ஒரு தடவை கதவைத் திறந்துட்டா, பழைய கார்டு செல்லாது. இப்ப இவ கார்டு செல்லலைன்னா, இதைவிடப் புதுசு ஒண்ணு அந்தக் கதவைத் திறந்திருக்கு. கார்டு போடற மிஷின் ஒண்ணே ஒண்ணு. அது என் கண்ணு முன்னாடி இருக்கு.

எல்லாக் கதவையும் திறக்கிற மாஸ்டர் கார்டோட மேலே போனேன். ராட்கா என் கையை விடல.

மஞ்சள் எரிஞ்சுது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாத்தான் மஞ்சள்.

"யாரு உள்ளே?"

கதவுல காதை வெச்சேன்.

க்ளக்.

தாழ்ப்பாள் விலகிச்சு. உள்ளேருந்து.

கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்ல. ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டில்ல சுவர்ப் பக்கம் மட்டும் அழுந்திக் கிடந்தது. தொட்டேன்... ஜில்லுன்னு இருந்தது.

"அவன் படுக்கிற பக்கம்"னா ராட்கா.

விடியற வரைக்கும் கீழே சோபாவுல ஒட்டி உக்காந்திருந்தோம். காலைல அவ அண்ணன் போன். ஸ்டோயில் செத்துட்டானாம். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு. இவளைத் தேடி சோஃபியா ரோட்டுல போனவன் லாரியில மோதிட்டான். எங்க ஊருக்கு நேர் எதிர்த் திசை அது.

"இனி நிம்மதியா இரும்மா. அவன் உன்னைத் தேட மாட்டான்"னாராம் அண்ணன்.

ராட்கா போனை வெச்சா. அழல.

"உசுரோட இருந்த வரைக்கும் நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியலக்கா. இனிமே நான் எங்க போய் ஒளியறது?"