மஞ்சள் பூசிய பருத்தி மேடை

பங்குனி மாதத்தில் பெரம்பலூருக்கு வசந்தத்தைக் கொண்டுவா என்றால் நான் எங்கே போவேன்? கேட்டது கல்யாணப் பெண். சென்னையில் வேலை. வரவேற்பு மேடைக்கு ‘ஸ்பிரிங் தீம்’ வேண்டும் என்று என் செல்போனுக்குப் படமாக அனுப்பித் தள்ளினாள். எல்லாம் ஏதோ குளிர்தேசத்துப் படங்கள். ஒல்லிக் குச்சிகளில் புசுபுசுவென்று வெள்ளைப் பூ. எங்கள் ஊர் வசந்தத்தில் வேம்பு பூக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகள் ஓடி ஓடி மரமெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். அந்த வெளிறிய நிறத்தைத்தான் இவள் போனில் ‘பேஸ்டல்’, ‘பேஸ்டல்’ என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை நான் இன்னொருவரிடம் மேடை அலங்கார வேலை பார்த்தவள். சொந்தமாகப் பிடித்த முதல் மேடை இதுதான். சொதப்பினால் இந்த வட்டாரத்தில் அடுத்த கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கவலையில் சுற்றும்போதுதான் வாலிகண்டபுரம் பக்கம் ஒரு வரப்பில் பிடுங்கிப் போட்டிருந்த பருத்திச் செடிகளைப் பார்த்தேன். கடைசி எடுப்பில் விட்டுப்போன காய்கள் வெடித்து, காய்ந்த குச்சியெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. படத்தில் இருந்ததேதான்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாதான் கட்டுக்கட்டாகக் கட்டி வேனில் ஏற்றினாள்.

“ஏன்டி, அடுப்பெரிக்கிற பருத்தி மாரையா மேடையில வெக்கப் போற?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம வா.”

பெண்வீட்டுக்காரர்கள் காட்டில் பல வருஷம் கூலிக்குப் பருத்தி எடுத்தவள் அம்மா. மண்டபத்துக்குப் போனதும், “நீ வேன்லயே இரு, உள்ள வராத” என்று சொல்லிவிட்டேன். அவளை அடையாளம் கண்டுகொண்டால் என் மதிப்பு என்னாவது? அம்மா வேனின் பின்பக்கம் மிச்சக் குச்சிகளோடு உட்கார்ந்துகொண்டாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதியம் மூன்று மணிக்கு மேடை தயார். உள்ளபடியே அழகாக இருந்தது. நான் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அத்தை உள்ளே வந்தார். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடையை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, என்ன இது?”

“ஸ்பிரிங் தீமுங்க.”

“பொணத்துக்கு மூக்குல வெக்கிற பஞ்சக் கொண்டாந்து எங்க புள்ள தலைக்கு மேல தொங்கவுட்டுருக்க? எடுத்துப் போடு மொதல்ல!”

ஊரே பருத்தி போடுகிற ஊர். அதில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லையே! ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். மேடையைப் பிரித்தால் வெறும் பலகை.

வெள்ளையாக இருந்தால்தானே தகராறு, மஞ்சளாக்கிவிட்டால்? சமையல்கட்டுக்கு ஓடி மஞ்சள்பொடி வாங்கி, தண்ணீரில் கரைத்து, பூவுக்குத் தெளிக்கிற பாட்டிலில் ஊற்றி அடித்தேன். ஒரு சொட்டுகூட ஒட்டவில்லை. அத்தனையும் வழுக்கித் தரைவிரிப்பில் விழுந்தது. பஞ்சு அப்படியே வெள்ளைவெளேரென்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

“செடியில இருக்கற பஞ்சு தண்ணி குடிக்காதுடி” என்று பின்னாலிருந்து குரல். சத்தம் கேட்டு அம்மா இறங்கி வந்திருந்தாள். “எத்தனை மழையில நனைஞ்சிகிட்டு எடுத்துருக்கேன், எனக்குத் தெரியாதா? பொடியா கையில எடுத்துத் தேய்ச்சு விடு.”

அவளே ஏணியில் ஏறினாள். ஒவ்வொரு காயாக விரலால் பிரித்து, பொடியை அப்பி, உதறிவிட்டாள். செடியிலிருந்து பஞ்சு எடுத்த அதே வேகம். நானும் உதவிக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டோம். தும்மல் மேல் தும்மல். ஐந்தரைக்கு மேடை முழுக்கச் சரக்கொன்றை பூத்த மாதிரி இருந்தது.

மணப்பெண் வந்தாள். “அக்கா, நான் வெள்ளைதானே கேட்டேன்?” என்று முகம் சுருங்கினாள். போட்டோகிராபர் அவளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். பார்த்தாள். “இன்னொண்ணு எடுங்க” என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

அத்தையும் வந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய மஞ்சளைத் தாலியில் தடவிக்கொண்டார்.

“மங்களகரமாத்தான் இருக்கு. யாரு யோசனை?”

‘என்னுடையதுதான்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. தூண் ஓரத்தில் அம்மா மஞ்சள் கைகளை முந்தானையில் சுருட்டி மறைத்துக்கொண்டு நின்றாள். நான் வராதே என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்ட பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

“எங்கம்மாங்க” என்றேன்.

அத்தை திரும்பிப் பார்த்தார். “அட, நீ நம்ம காட்டுல பருத்தி எடுக்க வந்தவதானே?”

அம்மா முந்தானையிலிருந்து கைகளை எடுத்தாள்.

“ஆமாங்க. இப்ப எம்மவளும் நானும் டெகரேஷன் பண்றோம்” என்றாள்.

திரும்பும்போது அம்மாவுக்கு வேனின் முன்சீட் கதவை நானே திறந்துவிட்டேன்.