நபி நாயகத்தின் நியாயமும் என் உப்பு மூட்டையும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கழுதைமேல் உப்பேற்றிக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய் மிளகுக்கு மாற்றி வந்த ராவுத்தன் நான். அப்போது இளவயது, வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதுவரை திண்ணனூர் நாட்டோடு நின்றுகொண்டிருந்தவன், அந்த முறைதான் முதன்முதலாகக் குண்டூர் நாட்டுக்கு ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மழை! ஒரு மூட்டை நன்றாக நனைந்துவிட்டது. நனைந்ததை அடியில் தள்ளி, மேலே காய்ந்த உப்பைக் கொட்டிக் கட்டினேன். ஈர உப்பு நாலு நாளில் கசிந்து பாதியாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இறங்கிப் போனபின் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புது ஆள் வந்தால், அவனுக்கு நியாயம் சொல்கிற தலைவர் யார் என்று கேட்காமல் மாற்றுக்கு உட்கார மாட்டார்கள். கோளாறு என்றால் அவரிடம்தானே முறையிட வேண்டும்! ஊர்க்கவுண்டர் கேட்டார்.

“எங்களுக்கு நபி நாயகமுங்க,” என்றேன் பெருமையாக.

“அவரு எப்ப இங்க வருவாருங்க? நல்ல பலாப்பழமா எடுத்து வெக்கறோம்.”

எனக்குச் சுருக்கென்றது. “அவரு காலமாகி ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுங்க. சாமியில்லீங்க, கும்புட மாட்டோம். படைச்சவன் சொன்னதை மனுசருக்குச் சொல்ல வந்த மனுசருங்க. அவருக்கு முன்னாலயும் நெறைய நபிமாருங்க வந்தாங்க. எல்லாரும் ஆடு மேய்ச்சவங்க.”

ஆடு என்றதும் கூட்டம் நெருங்கி உட்கார்ந்தது.

“இல்லாத மனுசரு எப்பிடிங்க நாயம் சொல்லுவாரு?”

“அவரு நடந்து காட்டினதுதானுங்க எங்களுக்கு நாயம்.”

அதோடு நிறுத்தினேனா? பள்ளிவாசலில் கேட்டதையும் அவிழ்த்துவிட்டேன். நாயகம் ஒருநாள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டாராம், விரல் ஈரமானதாம். மழையில் நனைந்தது என்றானாம் வியாபாரி. வாங்குகிறவர் பார்க்கும்படி ஈரத்தை மேலே போட்டால் என்ன என்று கேட்டாராம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அட மடையா!

கவுண்டருக்கு ஒரே சந்தோஷம். “இன்னிக்கு இங்கயும் அவரு நாயந்தானுங்க!” என்று, தம் ஆட்களின் மிளகுக் கூடைகளையெல்லாம் பாயில் கவிழ்க்கச் சொன்னார். கலகலவென்று கொட்டியது, ஒரு மணியில்கூட ஈரமில்லை. என் மூட்டையை யாரும் தொடவில்லை. சும்மா காத்திருந்தார்கள். அந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது! நானே கட்டை அவிழ்த்துக் கவிழ்த்தேன். காய்ந்த உப்பு சரிந்தது. அதன்மேல் ஈர உப்பு சொத்தென்று விழுந்தது.

யாரும் திட்டவில்லை. கவுண்டர் மட்டும், “அந்த யாவாரிகிட்ட உங்க நாயகம் அப்பறம் என்னங்க சொன்னாரு?” என்றார்.

“ஏமாத்தறவன் நம்மாளு இல்லேன்னு சொன்னாருங்க.”

கவுண்டர் ஈர உப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப நீங்க ஆரு ஆளுங்க, ராவுத்தரே?”

கேலியாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.