மூன்று வகைப் பாறை

எங்கள் ஊரில் பாறை கிடையாது. கும்மிடிப்பூண்டியில் உருக்காலை உண்டு, புகைபோக்கி உண்டு, லாரி உண்டு. ஒரு குன்றைப் பார்க்க ஊத்துக்கோட்டையைத் தாண்டிப் போக வேண்டும். இதை எங்கள் அறிவியல் ஆசிரியை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக் கண்காட்சியில் மைக்கில் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை மூன்றும் மேசைக்கு வராவிட்டால் மைக் வேறொருவனுக்குப் போய்விடும் என்றார். மைக் பிடிப்பவன் பெரிய ஆள் என்று அந்த வயதில் நம்பினேன். பிற்பாடு பல மேடைகளில் ஏறி, அப்படியெல்லாம் இல்லை என்று நானே நிரூபித்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் தங்கி உருக்காலைக்குப் போய்வந்தார். காலையில் நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தியவரிடம், பள்ளிக்கு ஓடுகிற ஓட்டத்தில் கத்தினேன்.

“மாமா, நாளைக்கு ஸ்கூலுக்கு மூணு வகப் பாற வோணும். நீதான் கொண்டாரணும்.”

“செரி, போ.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மாவின் முன்னால் தட்டில் மூன்று மீன்கள்.

“வட்டப்பாற, மஞ்சப்பாற, கண்ணாடிப்பாற,” என்று மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். “பழவேற்காடு போய் எடுத்தாந்தேன். செவுள பாரு, எப்டி செவப்பா கீது.”

மீன் தின்று வளர்ந்தவருக்குப் பாறை என்றால் மீன்தான். அந்த நியாயம் எனக்கு அன்று எட்டவில்லை. தரையில் உருண்டு அழுதேன்.

“இன்னாடா பேஜாரு? மூணு வகதான கேட்ட?”

“கல்லு மாமா! கல்லு!”

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடிப்பாறை கைநழுவி விழுந்தது. “இதையே எடுத்துகினு போடா. டீச்சரம்மா வறுத்துத் துன்னட்டும்.”

மாமா சிரிக்கவில்லை. எந்தக் கல், எப்படிப்பட்ட கல் என்று விசாரித்தார். விம்மலுக்கு நடுவே ஒப்பித்தேன். பூமிக்குள் உருகிக் கிடக்கும் குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆற்றோடு மணலும் சேறுமாகப் போய், அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. அதுவே ஆழத்தில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் குணம் மாறினால் உருமாறிய பாறை. இன்னும் சூடேறினால் உருகி மறுபடியும் குழம்பு.

“அட, இம்மாந்தானா?” என்றார் மாமா. “ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு, திரும்ப ஏ ஷிப்டு. கல்லுக்கும் லீவு கெடையாது போலக்கீது.”

பாடப்புத்தகத்தைப் பிரித்தால் உதாரணங்களே இருந்தன. அழுகிற அவசரத்தில் நான் அதுவரை படித்திருக்கவில்லை. தீப்பாறைக்கு, தெருமுனை ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கருங்கல் வந்தது. உருமாறிய பாறைக்கு என் உடைந்த சிலேட்டே போதும் என்று தெரிந்தது. படிவுப் பாறைக்கு மாமாவின் கண் சமையலறைக் கடப்பாக் கல் மேடை மேல் போயிற்று.

“இதான் தட்டு தட்டா உரியுதே!”

“டேய், என் மேடையில கைய வெச்ச, சோறு கெடையாது,” என்றார் அம்மா. சொல்லிவிட்டு அவரே சுத்தியலை எடுத்து ஓரத்தைத் தட்டிப் பெயர்த்துக் கொடுத்தார்.

மறுநாள் மைக்கில் மனப்பாடம் மறந்து போனது. வாயில் வந்தது ஷிப்ட் கணக்குதான். வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேர் ஆலைக்காரர்கள், கைதட்டல் நிற்கவில்லை. எல்லாம் என் திறமை என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். நான் பாறை கேட்ட அன்று மாமா படுக்கவே இல்லையாம். முகம் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாராம். திரும்பி வரும்போது பையிலிருந்து மீன்தண்ணீர் சொட்ட, “இன்னாய்யா, மூணு மீனு மூணு தினுசா? ஊட்ல விருந்தா?” என்று கண்டக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

“எங்கக்கா பையன் படிக்கிறாம்பா. இது அவன் பாடம்,” என்றாராம் மாமா.

பள்ளிக்கூடத்துக்கு மீன் எதற்கு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நான் படிக்கிறேன், கேட்டேன்; அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

கல் மூன்றும் பைக்குள் போன அன்று இரவு, வறுவலில் பெரிய துண்டு என் தட்டில் விழுந்தது. மாமா மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. உலை வெக்கை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு துண்டு கேட்டேன்.