படுதாவுக்கு முன்னே நாகையா

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் நாகையா வீடு எது என்று கேட்டால், "எந்த நாகையா? படுதா நாகையாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். உத்தியோகம் என்னவோ பாயிண்ட்ஸ்மேன். கோலாலம்பூர் யார்டில் லீவரைப் பிடித்து இழுத்து, வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகிற வேலை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு லீவரைப் பற்றி என்ன கவலை? கோட்டர்ஸ் நாடக சபையின் படுதாக் கயிறு ஒன்பது வருஷமாக அவர் கையில் இருந்தது. அதுதான் எல்லாருக்கும் தெரியும்.

சபை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செங்கல் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிடங்கு, தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் ராஜா பேசுவது பக்கத்தில் நிற்கிற மந்திரிக்கே கேட்காது. வலது பக்கம் ஆண்களுக்குப் பெஞ்சு, இடது பக்கம் பெண்களுக்கு, நடுவே பிள்ளைகளுக்குப் பாய். இரவில் நடத்தினால் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் பார்க்க முடியவில்லை என்று சண்டைக்கு வருவார்கள்; அதனால் நாடகம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு. ஜன்னல்களைச் சாக்கால் மூடி, மேடையில் கேஸ் விளக்கை ஏற்றிவிட்டால் ஆயிற்று.

நாடகம் எழுதுவது, பழக்குவது, ராஜா வேஷம் கட்டுவது எல்லாம் ஸ்டேஷனில் குமாஸ்தா வேலை பார்த்த கிராணி ராதாகிருஷ்ணன். ஒன்பது வருஷமாக அவர் ராஜாவைத் தவிர வேறு எதுவாகவும் இருந்ததில்லை. பெண்கள் மேடை ஏறாத காலம் அது. ராணி வேஷம் இஞ்சின் பயர்மேன் ஜெயராஜுக்கு. வாரம் முழுக்கக் கரி அள்ளிப் போடுகிற ஆறடி ஆள். ஆனால் மீசையை மழித்துக்கொண்டு, "நாதா!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பெண்கள் பக்கத்திலேயே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

ஆரம்பத்தில் படுதா போட வேண்டிய நேரத்தில் ஒருவர் "படுதா!" என்று கத்துவார். நாலு நாடகத்துக்குள் பாயில் இருந்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, ராஜா வாயைத் திறக்கும்போதெல்லாம் "படுதா! படுதா!" என்று கத்த ஆரம்பித்தன. அப்போதுதான் நாகையா ஒரு யோசனை சொன்னார். கத்துவானேன்? நாமெல்லாம் ரயில்காரர்கள். பச்சைக் கொடி காட்டினால் படுதா மேலே, சிவப்பு காட்டினால் கீழே. கொடிகள் இரண்டும் மேடையின் ஒரு ஓரத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் கிரிகரியிடம் இருக்கும்; எதிர் ஓரத்தில் கயிற்றோடு நாகையா. அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் படுதா தவறியதில்லை.

நாகையாவுக்கு ஒரே ஒரு குறை. அதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி புஷ்பவல்லி சொன்னாள்.

"ஒன்பது வருசமா நாடகம் நாடகம்னு போறீங்க. நானும் மூணாவது பெஞ்சில வந்து குந்துறேன். ஒரு நாளாச்சும் உங்க மொகத்தை அங்க பாத்தேனா?"

நாகையா இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் அது அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஓரத்தில் நின்று நின்று ஒன்பது வருஷத்து வசனமும் அவருக்கு மனப்பாடம். லீவரை இழுத்துக்கொண்டு ராஜாவாக உறுமுவார், ராணியாக அழுவார். கேட்க யாருமில்லாத இடத்தில், சரக்கு வண்டிகளுக்கு நடுவே. ஒரே ஒரு தடவை விளக்கு வெளிச்சத்தில் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும், புஷ்பவல்லி அதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசையைக் கிராணியிடம் சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழவில்லை.

அந்த வருஷத்து நாடகம் 'செண்பகபுரி வெற்றி'. கடைசிக் காட்சியில் ராணிக்குச் சிவப்புப் பட்டு வேண்டியிருந்தது. கோட்டர்ஸிலேயே நல்ல சிவப்பு, புஷ்பவல்லியின் கூறைப்புடவைதான். கிராணி ராதாகிருஷ்ணன் தாமே வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, மெல்ல விஷயத்தை எடுத்தார்.

"கட்டிக்கட்டும்யா, எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் புஷ்பவல்லி. "பொடவை மேடை ஏறுதுன்னா, அதை வாங்கிக் குடுத்தவரும் ஏறணும். என்னா சொல்றீங்க?"

கிராணிக்குக் காப்பி புரையேறியது. உள்ளே நின்றுகொண்டிருந்த நாகையா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பேரம் படிந்தது. கடைசிக் காட்சியில் படைவீரன் வேஷம். ஓடி வர வேண்டும், ராஜாவைப் பார்த்து, "மகாராஜா! எதிரிப்படை ஆற்றைக் கடந்துவிட்டது!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை நாற்பது நாள் பழகினார் மனுஷன். சோற்றில் கை வைத்தால் எதிரிப்படை, குளிக்கப் போனால் எதிரிப்படை. "அந்த ஆறும் வத்திப் போயிருக்கும், போங்க," என்றாள் புஷ்பவல்லி.

கடைசிக் காட்சிக்கு மட்டும் கயிற்றை இன்னொரு பாயிண்ட்ஸ்மேன் வேலாயுதத்திடம் ஒப்படைத்தார். "பச்சை காட்டாம தூக்காத. சிவப்பைப் பாத்தா ஒரு வினாடி நிக்காத," என்று பத்துத் தடவை சொன்னார். வேலாயுதம் ரூல் என்றால் ரூல் என்று நிற்கிற ஆள். தலையை ஆட்டினார்.

நாடகத்தன்று கூட்டம் நெரிந்தது. கிள்ளானிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. நாகையாவுக்குத் தலைக்கவசம், இடுப்பில் வாள், அட்டைக் கேடயம், மார்பு வரைக்கும் ஒரு கறுப்புத் தாடி. தாடியைக் கித்தாப் பால் வைத்து ஒட்டியிருந்தார்கள். ரப்பர் மரத்துப் பால் காய்ந்தால் லேசில் விடாது. கண்ணாடியைப் பார்த்த நாகையாவுக்குப் பகீரென்றது. மூக்கும் கண்ணும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதற்குப் படுதாவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாமே!

கடைசிக் காட்சி. கிரிகரி பச்சைக் கொடியைக் காட்டினார், படுதா ஏறியது. கொடியை ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றிருந்த நாகையா தன் வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கொடியை எடுத்து இடுப்பில் செருகிப் பழகிய கை. அது பாட்டுக்கு நீண்டு, பச்சைக் கொடியை எடுத்து, வாளுக்குப் பக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டது. கிரிகரியும் பார்க்கவில்லை, கைக்குச் சொந்தக்காரரும் பார்க்கவில்லை.

மேடையில் ராஜா போருக்குப் புறப்பட்டு நிற்கிறார். மேசைமேல் துணி போர்த்திய கோட்டைச் சுவரில் ராணி. இதுதான் நேரம் என்று நாகையா ஓடி வந்தார். ஆசையில் நாலு எட்டு கூடுதலாக ஓடி, மேடையின் விளிம்புக்கே வந்து நின்றுவிட்டார். அதே நேரத்தில் கோட்டைச் சுவரில் இருந்த ஜெயராஜ், "வென்று வாருங்கள், நாதா!" என்று சிவப்பு முந்தானையை உயரத் தூக்கி வீசி வீசி ஆட்டினார். ஒத்திகையில் அவர் ஆட்டியது வெள்ளைக் கைக்குட்டை. இன்று சிவப்பு. எதிர் ஓரத்தில் நின்ற வேலாயுதம் பார்த்தார், ஒரு வினாடி நிற்கவில்லை. கயிற்றை விட்டார்.

தொப்பென்று படுதா விழுந்தது. ராஜா, ராணி, கோட்டை எல்லாம் அந்தப் பக்கம். நாகையா மட்டும் இந்தப் பக்கம்.

"தூக்குடா!" என்று கிரிகரி உள்ளேயிருந்து கத்தினார்.

"பச்சை காட்டுங்கண்ணே, தூக்குறேன்!"

"கொடியைக் காணோம்டா!"

"கொடி இல்லாம எப்படிண்ணே தூக்குறது? ரூல் இருக்குலா!"

ஆண்கள் பக்கத்தில் விசில் பறந்தது. நாகையா திருதிருவென்று விழித்தார். ஓடிவிடலாம். ஆனால் மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகர்ந்து பழக்கமில்லை. வரியைச் சொல்லிவிடலாம் என்றால் ராஜாவைக் காணோம், யாரிடம் சொல்வது? மூன்றாவது பெஞ்சில் புஷ்பவல்லி வாயில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் நாகையாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. ராஜா இல்லையென்றால் என்ன, நான் இல்லையா?

மார்பை நிமிர்த்தி, கிராணி ராதாகிருஷ்ணனின் மூக்கால் பேசுகிற குரலிலேயே ஆரம்பித்தார். "தேவி! செண்பகபுரியின் மண்ணை மாற்றான் மிதிக்கலாமோ?" யார் குரல் என்று புரிந்ததும் கொட்டகை வெடித்துச் சிரித்தது. நாகையா அந்தப் பக்கம் தாவி மந்திரியானார், இருமினார். திரும்பத் தாவி ராஜாவானார். அடுத்தது ராணி. தாடியோடு ராணி எப்படி? பிடித்து இழுத்தார். கித்தாப் பால் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. பாதித் தாடி கையோடு வந்தது, பாதி கன்னத்திலேயே நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கேடயத்தை முந்தானைபோலப் பிடித்துக்கொண்டார்.

"நாதா! இத்தனை காலம் கவசத்துக்குள்ளேயே இருந்துவிட்டீர்களே. ஒரு முறை உங்கள் முகத்தைக் காட்டிவிட்டுப் போகக் கூடாதா?"

ஜெயராஜ் சொல்லி நாற்பது தடவை கேட்ட வசனம்தான். தன் வாயால் சொன்னபோதுதான் அது யார் கேட்ட கேள்வி என்று நாகையாவுக்கு உறைத்தது. முந்தானையாகப் பிடித்திருந்த கேடயம் கீழே இறங்கியது. அது நடிப்பில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் அடங்கியது. பாதித் தாடி தொங்க, விளக்குக்கு நேராக முகத்தைத் திருப்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். புஷ்பவல்லி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சந்தோஷத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இந்த வாளின்மேல் ஆணை!" என்று மறுபடி ராஜாவாகி, இடுப்பிலிருந்து சரக்கென்று உருவி உயர்த்தினார். கையில் இருந்தது பச்சைக் கொடி.

சிரிப்பு கொட்டகை கொள்ளவில்லை. பிள்ளைகள் பாயில் புரண்டார்கள். நாகையா கொடியைப் பார்த்தார், பார்த்ததும் விஷயம் விளங்கியது. விறுவிறுவென்று படுதாவின் ஓரத்துக்கு நடந்து, தூணுக்குப் பின்னால் கயிற்றோடு நின்ற வேலாயுதத்துக்கு முறைப்படி கையை நீட்டிக் கொடியைக் காட்டினார். வேலாயுதம் முறைப்படி தலையசைத்துப் படுதாவைத் தூக்கினார்.

உள்ளே ராஜா இடுப்பில் கை வைத்தபடி, ராணி சுவரின்மேல் குந்தியபடி. சட்டென்று எல்லாரும் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்தார்கள். ராஜா ராதாகிருஷ்ணன் கம்பீரமாகத் திரும்பி, "வீரனே! என்ன செய்தி?" என்றார்.

நாகையா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ராஜா வசனம் வந்தது, மந்திரி இருமல் வந்தது, ராணியின் கண்ணீர்கூட வந்தது. நாற்பது நாள் பழகிய தன்னுடைய ஒரே வரியைக் காணோம். ராஜா கண்ணை உருட்டினார். கிரிகரி ஆர்மோனியத்தை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அப்போது பெண்கள் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சில், ஒருத்தி எழுந்து நின்றாள்.

"எதிரிப்படை ஆத்தைத் தாண்டிருச்சு, மகாராசா!"

அந்தக் கொட்டகையில் ஒரு பெண் குரல் அப்படி ஓங்கிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாத் தலையும் திரும்பியது. ராதாகிருஷ்ணன் எதற்கும் அசராத ராஜா; பெண்கள் பக்கம் பார்த்துத் தலை வணங்கி, "அறிந்தோம், தாயே!" என்றார். அடுத்து நாகையாவும் அதே வரியைத் தகரக் கூரை அதிரச் சொல்லி முடித்தார்.

சாயங்காலம் வீட்டில் நாகையாவைப் பலகையில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு மீதித் தாடியை எடுத்துக்கொண்டிருந்தாள் புஷ்பவல்லி. தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தாள். ஜெயராஜ் மடித்துக் கொடுத்துவிட்டுப் போன கூறைப்புடவை, கரி வாசனையோடு பெட்டிமேல் இருந்தது.

"மொகத்தைப் பாத்தாச்சா?" என்று கேட்டார் நாகையா.

தாடியும் கித்தாப் பாலும் எப்போதோ முழுக்க வந்துவிட்டிருந்தன.

"இன்னும் முடியல," என்றாள் புஷ்பவல்லி. "ஆடாம இருங்க."