நூர் முகம்மது இக்காவின் உறக்க விலை

எங்கள் மட்டாஞ்சேரி சந்தில் பழைய மீன்தொட்டிச் சாமான் விற்கிற ஒரே ஆள் நூர் முகம்மது இக்கா. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஏலூரில் ஒரு ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வீட்டு முன்னறையைக் கடையாக்கிக்கொண்டார். மீன் விற்பதில்லை. வீடு மாறிப் போகிறவர்களும், மீனெல்லாம் செத்து மனம் விட்டுப்போனவர்களும் கொண்டுவந்து தருகிற கண்ணாடித் தொட்டி, விளக்கு, காற்று மோட்டார், கூழாங்கல், இவைதான் கடை.

இக்காவுக்கு அல்லாஹ்வின் பயம் அதிகம். குறையை மறைத்து விற்றால் அதில் பரக்கத் என்கிற அருள் இருக்காது என்பார். அதனால் ஒரு பொருளுக்கு விலை போடுவதற்குள் அவர் பாதி இளைத்துப்போவார். தொட்டி வந்தால் செய்தித்தாளின் மேல் வைத்து முட்ட முட்டத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விடுவார். தாள் நனையாவிட்டால் புதிய விலையில் பாதி. ஓரம் ஈரமானால் அதிலும் பாதி. ஒருமுறை தொட்டிக்குள் வைக்கிற, கடலில் முங்குகிற ஆள் பொம்மை ஒன்று வந்தது. அதற்கு ஒரு கை இல்லை. போன கைக்கு எவ்வளவு கழிப்பது என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, பள்ளிவாசல் உஸ்தாதிடமே போய்க் கேட்டார். உஸ்தாத் தலையைச் சொறிந்துகொண்டு, “இக்கா, பேசாம அதை யாருக்காச்சும் சும்மா கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் விலைதான் அவருடைய பெரிய கணக்கு. தொட்டிக்குள் குமிழி விடுகிற இந்த மோட்டார் இராப்பகலாக ஓடவேண்டியது. வீட்டில் ஆள் உறங்கவேண்டாமா? எனவே சத்தம் குறைந்ததற்கு நல்ல விலை, கூடினதற்குக் குறைந்த விலை. அந்தச் சத்தத்தை அளக்க இக்கா ஒரு வழி வைத்திருந்தார். லுஹர் தொழுது, சோறு தின்று, நபிவழியான பகல் உறக்கத்துக்குப் பாய் விரிப்பார். மோட்டாரைத் தலைமாட்டில் ஓடவிடுவார். உடனே உறங்கிவிட்டால் முந்நூற்றைம்பது ரூபாய். புரண்டு புரண்டு படுத்தால் இருநூறு. கண்ணே மூடவில்லை என்றால் எண்பது. எழுந்ததும் விலையைச் சாக்குக்கட்டியால் மோட்டாரின் முதுகில் எழுதிவிடுவார்.

அந்த நேரத்தில் அவருடைய மனைவி லதீஃபா லாத்தா தலையணையை இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏன் வருகிறார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பேச வருகிறார் என்றே நினைத்திருந்தேன்.

எண்பது ரூபாய் மோட்டார்கள் நொடியில் விற்றுப்போகும். முந்நூற்றைம்பதுகள் தூசி பிடித்துக் கிடக்கும். “நல்ல பொருளுக்குக் காலமில்லை, நௌஷிதா. எல்லாருக்கும் வெலை கொறைஞ்சது போதும்” என்று என்னிடம் சங்கடப்படுவார்.

போன ஷஅபான் மாதம் இக்காவும் லாத்தாவும் மக்காவுக்கு உம்ரா பயணம் போக ஏற்பாடாயிற்று. போவதற்கு முன் தெரிந்தவர் எல்லாரிடமும் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். நான் உங்களுக்கு ஏதும் தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் மனதாரப் பொருத்தம் என்று சொல்லவேண்டும். ஒருவர் மனக்குறையைச் சுமந்துகொண்டு அந்தப் புண்ணிய பூமியில் எப்படிக் கால் வைப்பது? இக்கா ஒரு வாரம் வீடு வீடாக நடந்தார். எல்லாரும் பொருத்தம் சொன்னார்கள், சாயாவும் கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி ஆளாக வெங்கிட்டுவிடம் போனார். வெங்கிட்டு கார்ப்பரேஷனில் வேலை பார்ப்பவர். சந்தின் கோடி வீடு.

வெங்கிட்டு முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்: “தரமாட்டேன்.”

“எந்தா வெங்கிட்டு, வெளையாடறியா?”

“வெளையாட்டா? ரெண்டு மாசம் முந்தி வெலை கூடினதுதானே நல்லதா இருக்கும்னு உங்க முந்நூத்தம்பது ரூவா மோட்டாரை வாங்கினேன். அது மோட்டாரா? வல்லார்பாடத்துக் கப்பல் வீட்டுக்குள்ள வந்தாப்ல இருக்கு. வீட்ல ஒறக்கமே இல்ல. நாயமான வெலையா அது? சொல்லுங்க, பொருத்தம் தர்றேன்.”

இக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. “நான் ஒறங்கிப் பார்த்துப் போட்ட வெலையாக்கும்” என்றார்.

“அப்ப வாங்க, என் கண்ணு முன்னாடி ஒறங்குங்க!”

வெங்கிட்டு மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். லாத்தாவும் நானும் உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தோம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அலமாரியில் இருந்த கூழாங்கல் எல்லாம் நடுங்கியது. இக்கா பிஸ்மி சொல்லிப் பாயில் சாய்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, குறட்டை.

வெங்கிட்டு வாயைப் பிளந்தார். “லதீஃபாக்கா, இது என்ன மாயம்?”

“மாயமுமில்ல மந்திரமுமில்ல” என்றார் லாத்தா. “இருபத்திரண்டு வருஷம் பெரிய மிஷின் பக்கத்துல நின்ன காதாக்கும் அது. சத்தம் நின்னாத்தான் அவருக்கு முழிப்பு வரும்.” சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தார். இக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்து, “என்ன ஆச்சு?” என்றார்.

லாத்தா சொன்னதைக் கேட்டு இக்கா தலையில் கை வைத்துவிட்டார். “யா அல்லாஹ்! அப்ப நான் போட்ட வெலை எல்லாம் தலைகீழா? இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“உங்க யாவாரத்துல நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?”

“அதெல்லாம் இருக்கட்டும், சாதாரண மனுஷன் இதுகிட்ட எப்படி ஒறங்குவான்னு நான் காட்டுறேன்” என்று வெங்கிட்டு வீறாப்பாகப் பாயில் படுத்தார். மறுபடி மோட்டார் ஓடியது. படுத்தவர் கண்ணை உருட்டினார், முறைத்தார், கொட்டாவி விட்டார். பிறகு அவரும் உறங்கிவிட்டார்.

இப்போது எது நியாயம் என்று யாருக்கும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, சோறு தின்ன வராத புருஷனைத் தேடி வெங்கிட்டுவின் மனைவி ராக்கம்மாள் வந்தார். பாயைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார்.

“இந்த மனுஷனுக்கா ஒறக்கமில்ல? ரெண்டு மாசமா ஒறங்காதது நானாக்கும்! நான் பொலம்பினதைத் தூக்கிட்டு இவரு சண்டைக்கு வந்துட்டாரு. இக்கா, பொருத்தம் என்கிட்ட இல்ல கேக்கணும்?”

“கேக்கறேன் ராக்கம்மா. இப்பவே கேக்கறேன்.”

“ஒறக்கம் கெட்ட தலைக்கு ஒண்ணும் வெளங்கமாட்டேங்குது. முதல்ல சத்தமில்லாத ஒண்ணைக் காட்டுங்க. பொறவு பாக்கலாம்.”

லாத்தா வெங்கிட்டுவை எழுப்பினார். ஆண்கள் இரண்டு பேரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, திரையை இழுத்து, ராக்கம்மாளை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தோம். அலமாரியில் மிச்சமிருந்த எட்டு மோட்டாரையும் ஒவ்வொன்றாகத் தலைமாட்டில் ஓட்டினோம்.

“இது மிக்ஸி” என்றார் ராக்கம்மாள், கண்ணை மூடியபடியே. அடுத்ததற்கு, “ஃபோர்ட்கொச்சிப் படகு” என்றார். மூன்றாவதற்கு, “என் மாமியார்” என்றார். லாத்தா ஒவ்வொன்றையும் வெளியே கூவிச் சொல்ல, இக்கா புது விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டே வந்தார். “மாமியாருக்கு எவ்வளவு போடட்டும், வெங்கிட்டு?” “ஐயோ, எங்கம்மாவை நூறுக்குக் கொறைக்காதீங்க!”

ஏழாவது மோட்டாரை ஓட்டினோம். பதில் வரவில்லை. குனிந்து பார்த்தேன். ராக்கம்மாள் குழந்தை மாதிரி வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். மோட்டாரின் முதுகில் எண்பது என்று எழுதியிருந்தது.

வெளியே சொன்னதும் இக்கா வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். “அல்ஹம்துலில்லாஹ்! வெங்கிட்டு, இதுதான் முந்நூத்தம்பது ரூவா மோட்டார். நீ கொடுத்த காசுக்கு இது உன்னுது. அந்தக் கப்பலை நானே வெச்சுக்கறேன்.” இத்தனை நாள் நல்ல மோட்டாரை எண்பதுக்குக் கொண்டுபோனவர்கள் முன்னால் வரிசையாக நிற்பதுபோல், “வாங்கினவங்களுக்கெல்லாம் என் பொருத்தம்” என்று சந்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

வெங்கிட்டுவும் மனம் இளகி, “என் பங்கு பொருத்தம் ஆச்சு இக்கா” என்றார்.

ராக்கம்மாள் பங்குதான் பாக்கி. அவரை எழுப்ப ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. “இரண்டு மாசத்து ஒறக்கம், கலைச்சா அது புதுக் குத்தமாயிடும்” என்று இக்கா தடுத்துவிட்டார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு ஒலித்தது. போய்த் தொழுதுவிட்டு வந்தார். ராக்கம்மாள் அசையவில்லை. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சந்தில் நின்று காதோடு காதாகப் பேசினார்கள். பெட்டிகள் அந்தக் கட்டிலுக்குக் கீழே இருந்தன, இழுக்கவும் முடியவில்லை. வெங்கிட்டுவுக்கு லாத்தாதான் சோறு போட்டார். அதிகாலை நெடும்பாசேரி விமான நிலையத்தில் இருக்கவேண்டிய இக்கா, திரைக்கு வெளியே நாற்காலி போட்டு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் கட்டில் கிரீச்சிட்டது. நான் ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். ராக்கம்மாள் பாதிக் கண் திறந்து எல்லாரையும் பார்த்தார்.

“இக்கா இன்னும் மக்கத்துக்குப் போகலையா?”

“நீ பொருத்தம் சொல்லாம எப்படிம்மா போறது?”

“பொருத்தம் இக்கா, நூறு தடவை பொருத்தம். எனக்கும் சேர்த்து துஆ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, ராக்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.