எட்டு மணி நேரம் முந்தி அடிச்ச மணி

எங்க ஆபீஸ்ல யாராச்சும் "சர்வர் தானா சரியாயிடுச்சு"ன்னு சொன்னா சண்டைக்குப் போற ஆளு நான். தானா எதுவும் ஆகாது, யாரோ எதையோ மாத்தியிருக்கணும், தேடுங்கன்னு சொல்லுவேன். கோயிலுக்குப் போவேன், பூசை பார்ப்பேன், ஞாயித்துக்கிழமை பாடகர் குழுவுல பின்னாடி வரிசையில நின்னு பாடவும் செய்வேன், ஆனா ஆவி வந்துச்சு, கனவுல வந்து சொன்னாங்க, சகுனம் சரியில்ல, இதெல்லாம் என்கிட்ட எடுபடாது. எங்கம்மா திருச்சியிலேர்ந்து ஃபோன் போட்டு பல்லி தோள்ல விழுந்துடுச்சுன்னு புலம்பினா, கத்தோலிக்கர் வீட்டுப் பல்லிக்கு அந்த பவர் எல்லாம் கிடையாதும்மான்னு சொல்லிட்டு வச்சிடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்றேன், நீங்க சிரிப்பீங்கன்னும் தெரியும், சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க.

முதல்ல ஒண்ணு, இது ராத்திரிக் கதை இல்ல. சனிக்கிழமை காலைல, நல்ல வெயில்ல, சிங்கப்பூர்ல, லிட்டில் இந்தியா பக்கத்துல நடந்தது. கீழ தெருவுல பூக்கடைக்காரர் மாலை கட்டிட்டிருக்கார், லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேக்குது, அந்த மாதிரி நேரம். நான் வேலை பாக்கிறது சாங்கி பக்கம், வீடு ஆங் மோ கியோல. சனிக்கிழமை ஆனா எங்க தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்து அங்க இருக்கிற மைக், ப்ரொஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சம்பளம் இல்லாம பாத்துக்கிறது என் வேலை.

அந்தக் கோயில்ல மணி அடிக்கிறது ஒரு பழைய கம்ப்யூட்டர். மாடில பாடகர் குழு நிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம்ல இருக்கும். காலைல, மத்தியானம், சாயங்காலம் மூணு வேளை ஜெப மணிக்கு அது ஒரு ரிலே பெட்டிக்கு சிக்னல் அனுப்பும், பெட்டி ஒரு சுத்தியலை ஆட்டும், சுத்தியல் மணியைத் தட்டும். அவ்வளவு தான். ஆனா சாவு மணி மட்டும் மெஷின் அடிக்காது. அதை அருளப்பன் அங்கிள் தான் கயிறு பிடிச்சுக் கையால அடிப்பார். கோயிலைத் திறந்து மூடி எல்லாத்தையும் கவனிச்சுக்கிறவர் அவர், சிங்கப்பூர்லயே பொறந்து வளந்தவர், பேச்சுல ஒரு "லா" ஒட்டிக்கிட்டே வரும். பங்குல, அதாவது இந்தக் கோயிலைச் சேந்த குடும்பங்கள்ல, யாராச்சும் தவறிட்டா, ஆம்பளைன்னா ஒத்தை ஒத்தையா அடிப்பார், பொம்பளைன்னா ஜோடி ஜோடியா. மெஷினுக்கு நான் அதையும் எழுதித் தரேன் அங்கிள்னு ஒரு தடவை கேட்டேன். "செத்தவங்களுக்கு மெஷின் அழக்கூடாது லா"ன்னுட்டார். சரின்னு விட்டுட்டேன், ஒரு வரி கூட எழுதல. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அன்னிக்கு நான் போனது அந்தக் கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது வெர்ஷனுக்கு மாத்த. ஃபாதர் கேப்பார், எங்க லேப்டாப்ல எல்லாம் ஒரு பட்டனைத் தட்டினா முடிஞ்சுடுதே, உனக்கு மட்டும் ஏன்மா ஒரு நாள் ஆகுதுன்னு. இது அந்த ஜாதி இல்ல. மணிப் பெட்டிக்காக சிஸ்டத்தோட அடிவயித்துலயே, அதாவது கர்னல்ல, நான் கொஞ்சம் கை வச்சிருந்தேன். அதனால சோர்ஸ் கோடை இறக்கி இங்கயே கட்டி எடுக்கணும். கடை மாவு வாங்காம, அரிசி உளுந்து ஊறப் போட்டு நாமளே அரைக்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கும், சொல்லப்போனா ரொம்பப் பெருமை, திரையில வரி வரியா ஓடுறதைப் பாத்துட்டே டிபன் சாப்பிடுவேன்.

அதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல புது கர்னலைப் போடணும், அப்புறம் மெஷினை வேற எந்த ப்ரோகிராமும் ஓடாத ஒத்தை ஆள் மோட்ல எழுப்பணும், அப்புறம் நேரத்தைச் சரி பண்ண ஒரே ஒரு கட்டளை அடிக்கணும், அதுக்கப்புறம் தான் மிச்சத்தை எல்லாம் போடணும். அந்த நேரக் கட்டளை எதுக்குன்னா, மெஷினுக்குள்ள இருக்கிற கடிகாரம் சிங்கப்பூர் நேரத்துல ஓடுது, ஆனா ஒத்தை ஆள் மோட்ல சிஸ்டத்துக்கு அது தெரியாது, கிரீன்விச் நேரம்னு நினைச்சுக்கும். நினைச்சுட்டு எட்டு மணி நேரத்தைத் தன் பங்குக்குக் கூட்டிக்கும். நமக்குக் காலை பத்துன்னா அதுக்கு சாயங்காலம் ஆறு. எங்க ஆளுங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதுல சறுக்கியிருப்பாங்க. நானும் சறுக்கினேன். ஏன்னா அங்கிள் அப்போ மாடிக்கு வந்து, ரீத்தா ஆன்ட்டி இன்னிக்கு தேக்கா மார்க்கெட்டுக்கு பாத்தாங் மீன், அதான் நம்ம ஊரு வஞ்சிரம், வாங்கப் போயிருக்கா, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்லிட்டிருந்தார். ரீத்தா ஆன்ட்டி அவர் வீட்டம்மா. அவங்க மீன் குழம்புன்னா எனக்கு எட்டு மணி நேரம் என்ன, எந்த நாடுன்னே மறந்துடும்.

அங்கிள் கீழ போயிட்டார். நான் அடுத்த கட்டளையைத் தட்டினேன். கொஞ்ச நேரம் நல்லா ஓடிச்சு, அப்புறம் ஃபைலோட நேரமும் கடிகார நேரமும் ஒத்து வரலன்னு ஒரு எச்சரிக்கை, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் பாதில நின்னுடுச்சு. பழசு பாதி, புதுசு பாதி. என்ன ஃபைல் இருக்குன்னு பாக்கிற சாதாரண கட்டளை கூட வேலை செய்யல. ஆபத்துக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர்ல நாலு கருவி வச்சிருப்பாங்க, அதுல நேரம் என்னன்னு கேட்டேன். சாயங்காலம் ஆறு தாண்டிடுச்சுன்னுது. அட மக்குன்னு என் தலையில நானே குட்டிக்கிட்டேன், காரணம் கிடைச்ச சந்தோஷம் வேற. சரி, மறுபடி எழுப்பி வரிசையா செஞ்சா சரியாயிடும்னு நாற்காலியில சாய்ஞ்சேன்.

அப்போ மணி அடிச்சுது.

முதல்ல ரொம்ப மெதுவா ஒண்ணு, நகத்தால தட்டின மாதிரி. அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் ரெண்டு, கனமா. இடைவெளி. ரெண்டு. இடைவெளி. ரெண்டு.

நம்பினா நம்புங்க, அப்போ கூட நான் பயப்படல. எனக்கு ஒரே உற்சாகம். மணி அடிக்கிற என் ப்ரோகிராம் அந்த மோட்ல ஓடவே ஓடாது, அப்போ சிக்னல் எங்கேர்ந்து வருது, கேபிள் மாட்டுற போர்ட்ல கரண்ட் துள்ளுதா, ரிலே ஒட்டிக்கிச்சான்னு பெட்டியைப் பாத்தா, ரிலே அழகா டக் டக்னு வேலை செய்யுது, சுத்தியல் ஆடுது, கயிறு மட்டும் அசையாம தொங்குது. அதுக்குள்ள அங்கிள் படியேறி ஓடி வந்தார். வயசானவர், மூச்சு வாங்குது, கையில மெழுகுவர்த்தி ஸ்டாண்டு துடைக்கிற துணி.

"யாரு அடிக்கிறா?"

"யாரும் இல்ல அங்கிள், மெஷின் கிறுக்குப் பண்ணுது, வயர் பிரச்சனை."

"நிப்பாட்டு. நிப்பாட்டு மா அதை."

அவர் குரலைக் கேட்டதும் காரணம் தேடுறதை விட்டேன். ரிலேவுக்குப் போற கேபிளை அப்படியே பிடிச்சு இழுத்தேன். அப்போ ஒரு ஜோடியோட முதல் அடி விழுந்திருந்துச்சு. ரெண்டாவது விழல.

அங்கிள் சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னார். "அது நான் மா"ன்னார். எனக்குப் புரியல. "அந்தக் கை என் கை. முதல்ல மெதுவா ஒண்ணு விழுந்துச்சு பாரு, அது எங்கம்மா செத்தப்ப நான் அடிச்சது. கயித்துல கை வச்சு மணி கிட்ட சொன்னேன், இது நம்ம வீட்டு ஆளு, பாத்துக்கோன்னு. வேற யாருக்கும் அப்படி அடிச்சதில்ல. யார்கிட்டயும் சொன்னதும் இல்ல."

நம்ம வீட்டு ஆளு, ஜோடி அடி, அப்போ பொம்பளை. அவருக்குப் பிள்ளை குட்டி இல்ல, கூடப் பொறந்த பொம்பளை இல்ல. அவர் வீட்டுல ரீத்தா ஆன்ட்டி மட்டும் தான். நான் திரையைப் பாத்தேன், சாயங்காலம் ஆறு தாண்டின நேரம் அப்படியே நிக்குது. "அங்கிள், இந்த மெஷினுக்கு இப்போ சாயங்காலம்"னு சொன்னேன். "நமக்கு இன்னும் ஆகல. நமக்கு இன்னும் காலை தான்."

அவர் ஃபோன் போட்டார், ஆன்ட்டி எடுக்கல. மறுபடி போட்டார், எடுக்கல. மெஷினை அப்படியே போட்டுட்டு ரெண்டு பேரும் தேக்கா மார்க்கெட்டுக்கு ஓடினோம். சிராங்கூன் ரோட்டுல சனிக்கிழமை கூட்டம் உங்களுக்குத் தெரியும். நான் "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ"ன்னு இடிச்சுட்டே போறேன், அங்கிள் என் பின்னாடி அருள் நிறைந்த மரியே சொல்லிட்டே வர்றார். எங்க பச்சை விளக்கு, எங்க சிவப்பு, ஒண்ணும் பாக்கல. எனக்கு மனசுல ஒண்ணே ஒண்ணு, ஆறு மணிக்குள்ள, ஆறு மணிக்குள்ள.

ஆன்ட்டி மீன் கடையில நின்னு பேரம் பேசிட்டிருந்தாங்க. உயிரோட, முழுசா, கோவமா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

"என்ன ரெண்டு பேரும் ஓடி வர்றீங்க? கோயில் இடிஞ்சு விழுந்துடுச்சா?"

"உனக்கு என்ன பண்ணுது ரீத்தா? எங்கயாச்சும் வலிக்குதா?"

"உங்களுக்குத் தான் என்னமோ பண்ணுது. எனக்கு ஒண்ணும் இல்ல லா. காலைலேர்ந்து கேஸ், தாடை வரைக்கும் ஏறுது, பையைத் தூக்கினதுல கை வேற கடுக்குது. வீட்டுக்குப் போய் சுக்கு காபி போட்டுக் குடிச்சுட்டுப் படுத்தா சரியாயிடும்."

"படுத்தா"ன்னு அவங்க சொன்னதும் அங்கிள் அவங்க கையிலேர்ந்து பையைப் பிடுங்கி மீன்காரர் கிட்ட குடுத்தார். ஆன்ட்டி கத்துறாங்க, என் பாத்தாங், நடு மார்க்கெட்டுல மானத்தை வாங்குறீங்களேன்னு. நான் ஒரு டாக்சியை நிறுத்தி அவங்களைக் கிட்டத்தட்டத் தூக்கிப் போட்டேன். வழியெல்லாம் திட்டு. ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுக்கிற வரைக்கும் திட்டு. ஈசிஜி எடுத்த நர்ஸ் வேகமா நடந்து போனாங்க, அப்புறம் நிறைய பேர் வந்தாங்க. அப்போ தான் ஆன்ட்டி திட்டுறதை நிறுத்தினாங்க.

இதயத்துல பெரிய அடைப்பு. டாக்டர் அங்கிள் கிட்ட, கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு, இன்னிக்கு வீட்டுல படுத்திருந்தா சொல்ல முடியாதுன்னு சொன்னார். யாரு அங்கிள் உங்களுக்கு சொன்னதுன்னு கேட்டார். அங்கிள் என்னைக் கை காட்டினார், நான் அவரைக் கை காட்டினேன்.

சிகிச்சை எல்லாம் முடிஞ்சு ஆன்ட்டியை வார்டுக்கு மாத்தி, சாயங்காலம் ஆயிடுச்சு. அங்கிளும் நானும் வெளிய நாற்காலியில உக்காந்திருந்தோம். எதிர் சுவத்துல கடிகாரம் இருந்துச்சு, ரெண்டு பேரும் அதைத் தான் பாத்துட்டிருந்தோம். ஆறு ஆச்சு, தாண்டவும் செஞ்சுது. உள்ள எந்தச் சத்தமும் இல்ல, யாரும் ஓடல. நான் மூச்சு விட்டேன், அங்கிளைப் பாத்து சிரிக்கலாம்னு திரும்பினேன்.

அவர் வலது கை மடியில இருந்துச்சு. அது மெதுவா மூடி, கீழ இழுத்துச்சு, திறந்துச்சு. கயிறு பிடிச்ச மாதிரி. முதல்ல மெதுவா ஒண்ணு. ஒரு இடைவெளி. ரெண்டு. இடைவெளி. ரெண்டு. அங்கிள் கண்ணு கடிகாரத்துல தான் இருக்கு, கை செய்யறது அவருக்குத் தெரியல. சத்தியமா சொல்றேன், தெரியல. ஒரு ஜோடில முதல் இழுப்பு முடிஞ்சு கை மறுபடி மூடுறப்ப, நான் என் ரெண்டு கையாலயும் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுட்டேன்.

"என்னம்மா?"ன்னார், தூக்கத்துலேர்ந்து எழுந்த மாதிரி.

"ஒண்ணும் இல்ல அங்கிள், சும்மா"ன்னேன்.

அந்தக் கையில என்ன பலம் தெரியுமா. இன்னொரு பக்கம் யாரோ சேந்து இழுக்கிற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் தான் விட்டுச்சு.

அடுத்த வாரம் போய் மெஷினைச் சரி பண்ணினேன். மறுபடி ஒத்தை ஆள் மோட், முதல் வேலையா நேரக் கட்டளை, அப்புறம் மிச்சம், ஒரு தப்பும் இல்லாம முடிஞ்சுது. கர்னல்ல நான் எழுதினதைப் பூராவும் உக்காந்து படிச்சேன். போர்ட் துள்ளினா ரிலே ரெண்டு தடவை தட்டலாம், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பெட்டிக்கு அடிக்கிறது, அடிக்காம இருக்கிறது, இந்த ரெண்டு தான் தெரியும். மெதுவா அடிக்க அதுக்குத் தெரியாது. முதல்ல நகத்தால தட்டின மாதிரி விழுந்துச்சே ஒண்ணு, அதை அந்த சுத்தியல் எப்படி அடிச்சுதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

ரீத்தா ஆன்ட்டி நல்லா இருக்காங்க. போன வாரம் கூட மீன் குழம்பு குடுத்து, உன்னால ஒரு பாத்தாங் போச்சுன்னு சொல்லிக் காட்டினாங்க. மூணு வேளை ஜெப மணியையும் இப்போ அங்கிளே கையால அடிக்கிறார். கம்ப்யூட்டர் சும்மா தான் ஓடுது. ஃபாதர் என்னைப் பாக்கிறப்பல்லாம் கேக்கிறார், ஏன்மா ஸ்டெல்லா, மெஷின் சரியாயிடுச்சுன்னியே, மணியை எப்போ இணைக்கப் போறேன்னு. பார்ட் வரணும் ஃபாதர், ஆர்டர் போட்டிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஒரு பார்ட்டும் வர வேண்டியதில்ல. நான் பிடுங்கின கேபிள் ஆங் மோ கியோல என் வீட்டு அலமாரில, துணிக்கு அடியில இருக்கு. மாட்டினா வேலை செய்யும், எனக்குத் தெரியும். மாட்டின உடனே முதல்ல என்ன சத்தம் கேக்கும்னு தான் பயமா இருக்கு. அந்த ஜோடில இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு.