பரவாயில்ல டாக்டர்

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. வலிக்கு நோயாளியின் வாய்தான். எண்பதுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் வலிக்கென்றே ஒரு கிளினிக் திறந்து உட்கார்ந்தபோது, அந்த வாயை நம்பித்தான் மார்ஃபின் மாத்திரை எழுதினேன். அபின் வகை மருந்து என்பதால் அதையும் மகா கஞ்சனாக எழுதினேன். ஒரு வாரத்துக்கு மட்டும். தீர்ந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த வாரத்துக்கு.

ஒரு முறைகூட அட்டையை மறக்காதவர் ஒத்தக்கடையிலிருந்து வரும் ஒரு டீச்சர். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்ல டாக்டர்" என்று சிரிப்பார். மற்ற நோயாளிகளைத் திட்டும்போதெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். என் மருந்து நன்றாக வேலை செய்கிறதென்று கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

மகள் கல்யாணத்துக்கு அழைத்தார், போனேன். மண்டப வாசலில் பட்டுப்புடவையில் நிமிர்ந்து நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம், "இவரு எங்க வீட்டுக்காரரோட சிநேகிதரு, பேங்க்ல இருக்காரு" என்றார். நோய் விஷயம் அந்த வீட்டாருக்குத் தெரியாது போல. பெண்ணைப் பெற்றவரின் பயம் என்று நானும் பேங்க்காரனாகச் சிரித்து வைத்தேன்.

பந்தியில் என்னை உபசரிக்கக் குனிந்தபோதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண்பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. மார்ஃபின் கூடினால்தான் அப்படிச் சுருங்கும். நான் எழுதிய அளவு அந்த வேலையைச் செய்யாது.

"எம்புட்டு மாத்திரை போட்டீங்க?"

"சேத்து வச்சதுதான் டாக்டர்" என்றார் மெதுவாக. "ரெண்டு மாசமா பாதிதான் போட்டேன். மீதியப் பிரிச்செடுத்து டப்பாவுல வச்சிட்டு, அட்டைய மட்டும் ஒங்கட்ட கொண்டாந்தேன். இன்னைக்கு நிக்கணும்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொஞ்சம் கூடிப்போயிருந்தால் அந்த மண்டபத்திலேயே மூச்சு நின்றிருக்கும். அதைவிட, இரண்டு மாதம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, என் எதிரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார். நானும் அதை நம்பி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

"இப்படி ஏமாத்திட்டீங்களேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தந்திருப்பீங்களா?"

இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல வந்தார். காலி அட்டையை மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.